பாட்டிக்குப் பாலம் வேண்டாம்!

"மாச்செக்கு" என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்கும் தெரியாது. எந்த அகராதியிலும் அது கிடையாது. ஆனால் சென்ற தை மாதம் என் அக்கா வீட்டுத் திண்ணையில், ஒன்றல்ல இரண்டல்ல, நாற்பது அட்டைப் பெட்டிகளின் மேல் அந்த வார்த்தை கன்னங்கரேலென்று அச்சாகி என்னை வரவேற்றது.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் வல்லம். வல்லம் என்றதும் தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். குகைக் கோயில்கள் உள்ள செங்கற்பட்டு வல்லமும் அல்ல. இது விழுப்புரம் மாவட்டத்து வல்லம். திண்டிவனத்தில் செஞ்சிப் பஸ் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை விளைகிற பூமி. நாம் பட்டணத்தில் வேர்க்கடலை என்று கொறிக்கிறோமே, அதற்குத்தான் அந்தச் சீமையில் மல்லாட்டை என்று பெயர்.

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் சிறிய அளவில் ஒரு மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறார்கள். பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்கித் திண்டிவனத்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். இத்தனை நாளும் பெட்டியின் மேல் பெயர் எழுதும் வேலை யாருக்கு ஓய்வு இருக்கிறதோ அவருடையது. இந்தத் தை மாதம் அந்தப் பொறுப்பை அக்கா மகள் ஏற்றுக்கொண்டாள். கல்லூரியில் விளம்பரக் கலை படிக்கிற பெண். "கையாலே எழுதினால் ஒரு பெட்டி மாதிரி ஒரு பெட்டி இருக்காதம்மா. நான் ஸ்டென்சில் வெட்டித் தருகிறேன். அதுவும் சாதாரண எழுத்து இல்லை. எதிர்கால எழுத்து!" என்று அறிவித்தாளாம்.

எதிர்காலத்தை வெட்டுவதற்கு அவளுக்குக் கிடைத்த தகடு, பாட்டியின் முழங்கால் எக்ஸ்-ரே பிலிம்!

"வல்லம் மரச்செக்கு எண்ணெய்" என்று வரைந்து, பிளேடால் வெட்டி, பெட்டிமேல் வைத்து, பஞ்சில் சாயம் தொட்டு ஒற்றினாள். முதலில் 'ம' ஏமாற்றியது. எழுத்துக்கு நடுவே இருக்க வேண்டிய வெள்ளைப் பகுதி வெட்டும்போதே பிய்ந்து விழுந்துவிட்டது. பெட்டியில் விழுந்தது 'ம' அல்ல. ஒரு கறுப்புக் கட்டி. சளைக்காமல் இன்னொரு பிலிமை எடுத்து (பாட்டிக்கு இரண்டு முழங்கால்!) சரியாக வெட்டினாள். 'ம' வந்தது. 'வ' வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக நாற்பது பெட்டிகளும் முடிந்தன.

காலையில் பாட்டி திண்ணைக்கு வந்தார். அக்காவின் மாமியார் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். 1990-களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வகுப்பு நடத்தியபோது, வயலிலிருந்து வந்து அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். அன்று கற்றதை இன்றுவரை விடவில்லை. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, சுவரொட்டி எதையும் விரலால் தொட்டு ஒவ்வோர் எழுத்தாகத்தான் படிப்பார். அப்படியே பெட்டியையும் படித்தார்.

"வ... ல்... ல... ம். வல்லம். ம... கால்... ச்... செ... க்... கு. மாச்செக்கு. ஏன்டியம்மா, இது என்ன, மாவு அரைக்கிற செக்கா?"

வீடு சிரித்தது. பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. "பாட்டிக்குப் படிக்கத் தெரியவில்லை. படித்தவர்களுக்குப் புரியும்" என்றாள் வெடுக்கென்று. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று பகல் முழுதும் ஒருவரோடும் பேசவில்லையாம்.

நான் போய்ச் சேர்ந்தது அந்தச் சாயங்காலம்.

கோல அச்சின் தங்கை

ஸ்டென்சில் என்றதும் ஏதோ அந்நிய சமாசாரம் என்று எண்ண வேண்டியதில்லை. மார்கழி மாதம் கடைத்தெருவில் துளையிட்ட கோல அச்சு வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? தரையில் வைத்து, மேலே கோலமாவைத் தூவித் தேய்த்து எடுத்தால் தாமரை மலர்ந்துவிடும். அதுதான் ஸ்டென்சில். துளை உள்ள இடத்தில் மாவு விழும். இல்லாத இடத்தில் விழாது. சாஸ்திரம் இவ்வளவே.

ரவிக்கைத் துணியில் பூவேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். காகிதத்தில் பூவை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருங்க நெருங்கக் குத்தி, துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சால் தடவுவார்கள். பூ துணியில் இறங்கிவிடும். அதுவும் ஸ்டென்சிலே.

இந்த ஊசிக் குத்தலை இயந்திரமாக்கியவர் தாமஸ் ஆல்வா எடிசன். 1876-ல் அவர் காப்புரிமை பெற்ற மின்சாரப் பேனா, எழுத எழுதக் காகிதத்தில் நுண்ணிய துளைகளைக் குத்திக்கொண்டே போகும். பிறகு அந்தக் காகிதத்தின் மேல் மையை உருட்டினால் அடியில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய ஆபீஸ்களில் மெழுகுத் தாளில் டைப் அடித்து, உருளையைச் சுற்றிச் சுற்றிப் பிரதி எடுத்தார்களே, அந்த சைக்ளோஸ்டைல் இந்த வம்சத்தில் வந்ததுதான். 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர், எடிசனின் பேனாவிலிருந்து யோசனை எடுத்துப் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கோலம், ரவிக்கை, பச்சை குத்துதல் என்று பார்த்தால் ஸ்டென்சிலின் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பெண்கள் பக்கம்தான்!

எழுத்துக்கும் இது பழைய தோழன். ஐரோப்பாவில் தேவாலயங்களின் பெரிய பாட்டுப் புத்தகங்களை இப்படித் தகடு வைத்தே எழுதினார்கள். 1781-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பாரிஸில் ஒரு முழுத் தகட்டெழுத்துத் தொகுதியை விலை கொடுத்து வாங்கினார். அது இன்றும் அமெரிக்காவில் பத்திரமாக இருக்கிறது. நம் பக்கத்தில் நெல் மூட்டை, மல்லாட்டை மூட்டைகளின் மேல் விழுகிற மார்க்கும், விழுப்புரம் ஜங்ஷனைக் கடக்கிற கூட்ஸ் வண்டிகளின் பக்கவாட்டு எண்களும், தேர்தல் சமயத்தில் சுவருக்குச் சுவர் பூக்கிற சின்னங்களும் எல்லாம் தகடு வெட்டிப் போட்டவையே.

தீவும் பாலமும்

இனி, அக்கா மகளின் 'ம' ஏன் கட்டியாயிற்று என்று பார்ப்போம்.

ஓர் எழுத்து நான்கு பக்கமும் மூடியிருந்தால், அதன் நடுவே உள்ள வெள்ளை ஒரு தீவு. எழுத்தை வெட்டி எடுத்ததும் தீவைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, விழுந்துவிடும். ஆகவே எழுத்தின் கோட்டுக்குக் குறுக்கே ஒரு சிறு பட்டையை வெட்டாமல் விட வேண்டும். அதுதான் பாலம். ஸ்டென்சில் எழுத்துக்களில் அங்கங்கே ஓர் இடைவெளி தெரிகிறதே, அது அலங்காரம் அல்ல. தீவுக்குப் போட்ட பாலம்.

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் இருபத்தாறில் தீவு உள்ளவை ஏ, பி, டி, ஓ, பி, கியூ, ஆர் என்று ஏழே ஏழு. தமிழுக்கு வாருங்கள். அ, க, ச, த, ம, வ என்று எடுத்த எடுப்பிலேயே தீவுகள். கொம்பு போட்டால் கொம்புக்குள் ஒரு தீவு. இரட்டைக் கொம்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

பாலமே வேண்டாத நல்ல பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. ப, ட, ய, ர, கால் ஆகியவை எல்லாம் திறந்த வீடுகள். அக்கா மகளின் நோட்டில் நான் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தேன். 'பாட்டி' என்று வெட்டிப் பாருங்கள். ஒரு பாலமும் வேண்டாம். 'அம்மா' என்று வெட்டினால் ஒவ்வோர் எழுத்துக்கும் பாலம் வேண்டும்! இதைச் சொன்னதும் அக்கா, "சரிதான். இந்த வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே பாலமாக நிற்பதே என் பிழைப்பாகிவிட்டது" என்றாள்.

தமிழில் தகட்டெழுத்து அதிகம் பரவாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடையில் ஆங்கில எழுத்து அச்சு இருபத்தாறு துண்டாகக் கிடைக்கும். தமிழுக்கு எத்தனை துண்டு வேண்டும்? அன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினோம். உயிர் 12, அகர வரிசை 18. இகர, ஈகார எழுத்துக்கள் ஒட்டிப் பிறந்தவை, 36. உகர, ஊகார எழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு, 36. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று நான்கு. புள்ளி ஒன்று, ஆய்தம் ஒன்று. கூட்டினால் 108! கிரந்த எழுத்துக்களைச் சேர்க்கவில்லை. அர்ச்சனைக்கு ஏற்ற எண். ஆனால் வெட்டுகிறவன் விரலுக்கு ஏற்றதல்ல. 1978-ல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்த எழுத்துக்களை ஏற்று, ணை, லை போன்றவற்றின் யானைத் தும்பிக்கை முதலாகப் பதின்மூன்று எழுத்துக்களின் பழைய உருவத்தை மாற்றிற்று. அதற்கு முன் என்றால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும்.

தலைமுடியால் கட்டிய பாலம்

பாலம் இல்லாமலே தீவை நிறுத்த முடியாதா? ஜப்பானியர்கள் யோசித்தார்கள். கிமோனோத் துணிக்குச் சாயமிடக் காகிதத்தில் மிக நுட்பமான அச்சுக்கள் வெட்டிய அவர்கள், தீவுகளை மெல்லிய பட்டு நூலாலும், சில சமயம் மனிதத் தலைமுடியாலும் கட்டி நிறுத்தினார்கள். முடி அவ்வளவு மெல்லியதாகையால் சாயம் அதைச் சுற்றிக்கொண்டு ஓடித் துணியில் தடமே தெரியாமல் போய்விடும்.

இந்த நூலையே நெருக்கி நெய்தால் வலை. வலைமேல் தீவு தானாக நிற்கும். 1907-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டு வலை வைத்து அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நீங்கள் உடுத்தும் ஸ்கிரீன் பிரிண்ட் புடவை, கல்யாணப் பத்திரிகை, துணிப்பை எல்லாம் அதன் சந்ததி.

வலை வந்துவிட்டது, பிறகு கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. பாலத்துக்கு இனி அவசியமே இல்லை. ஆனால் பாலம் போகவில்லை! அவசியம் போன பிறகு அழகாக வந்து உட்கார்ந்துகொண்டது. காதில் துளை போட்டது எதற்காக என்று மறந்துபோனாலும் தோடு போடுவதை விடுகிறோமா?

எதிர்காலத்தின் வேஷம்

ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளியில் ஜோசப் ஆல்பர்ஸ், 1920-களில் சதுரம், வட்டம், கால் வட்டம் என்று மூன்றே உருவங்களை அடுக்கி எல்லா எழுத்தையும் செய்து பார்த்தார். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. பார்த்தவர்களுக்கு அது கையால் எழுதியது போல இல்லை. இயந்திரம் பேசுவது போல இருந்தது. 1937-ல் அமெரிக்காவில் ஹன்டர் மிடில்டன், ஜெரி பவல் என்ற இருவர் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு 'ஸ்டென்சில்' என்றே பெயர் வைத்து அச்செழுத்து வார்த்தார்கள். பட்டாளத்துப் பெட்டிகளை நினைவூட்டும் அந்த எழுத்து சினிமாத் தலைப்புவரை ஏறிவிட்டது.

அடுத்து வந்தது வங்கி. உங்கள் செக் புத்தகத்தை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். ஒரு மாதிரியாக வீங்கியும் ஒடுங்கியும் எண்கள் இருக்கும். காந்த மையில் அச்சான அந்த எண்கள் 1950-களில் அமெரிக்காவில் உருவானவை. மனிதன் படிப்பதற்காக அல்ல, இயந்திரம் படிப்பதற்காக அந்த உருவம். ஆனால் 1960-களில் சித்திரக்காரர்கள் அதைக் கண்டு மயங்கி, முழு எழுத்து வரிசையையுமே அப்படிச் செய்துவிட்டார்கள். அன்றுமுதல், விண்வெளிக் கதை என்றால் எழுத்து வங்கி எண் ஜாடையில் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்!

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1975-ல் தன் பெயரையே புது மாதிரி எழுதிக்கொண்டது. வளைந்த சிவப்புக் கோடுகள். அதிலுள்ள இரண்டு 'ஏ'க்களுக்கும் நடுக்கோடு கிடையாது. 1992-ல் அதை ஒதுக்கி வைத்தார்கள். 2020-ல் திரும்ப அழைத்து ராக்கெட்டின் மேலேயே எழுதினார்கள்.

அக்கா மகளின் குரு இந்த நாசா எழுத்துத்தான். "பாருங்கள் மாமா, 'ஏ'-யில் கோட்டை எடுத்துவிட்டார்கள். யாருக்காவது புரியாமல் போயிற்றா? அதே மாதிரி நான் 'ர'-வின் அடியில் இருக்கிற சாய்ந்த காலை எடுத்துவிட்டேன். எழுத்து எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!"

சுத்தம்தான். ஆனால் 'மரச்செக்கு' அல்லவா மாச்செக்காகிவிட்டது?

ர-வின் கால்

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. நடுக்கோடு இல்லாத 'ஏ'யைப் போல ஆங்கிலத்தில் வேறு எழுத்தே கிடையாது. கோட்டை எடுத்தாலும் அது தன் இடத்தில் தனியாக நிற்கிறது. நம் 'ர'வின் சமாசாரம் அப்படியல்ல. அடியில் உள்ள அந்தச் சிறு சாய்வை எடுத்தால் பக்கத்து வீட்டில் 'கால்' என்று ஒருவர் ஏற்கெனவே குடியிருக்கிறார். மரம் மாம் ஆகிவிடும். கரம் காம் ஆகிவிடும். 'ண'வில் ஒரு வளைவு குறைந்தால் 'ன'. 'ஏ'வின் கீழ்க்கோடு போனால் 'எ'. 'ஓ'வின் சுழி போனால் 'ஒ'. தமிழ் எழுத்துக்கள் பலவும் நெருங்கிய பங்காளிகள். ஓர் அங்குலம் வேலி நகர்ந்தாலும் வழக்குத்தான்!

இன்னொன்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அந்தப் பெண் அசந்து போனாள்.

ஓலைச்சுவடிக் காலத்தில் ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டையும் ஒன்றுபோலவே எழுதினார்கள். எ, ஏ என்பதற்கும் ஒ, ஓ என்பதற்கும் உருவத்தில் பேதம் காட்டுவதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியும் பெரும்பாலும் வைப்பதில்லை. இடம் பார்த்துத்தான் படித்துக்கொள்ள வேண்டும். உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாடுகளில் இதுவும் ஒன்று. ஏட்டைப் படிக்கப் பண்டிதர்கள் தேவைப்பட்டார்கள். அச்சு வந்து, ர-வுக்குத் தனிக் கால் முளைத்து, நெடிலுக்குத் தனிக் குறி நிலைத்து, புள்ளி ஒழுங்காக விழுந்த பிறகுதான், பண்டிதர் அல்லாதவரும் எழுத்துக் கூட்டிப் படிக்க வழி பிறந்தது.

"அப்படியானால்..." என்று இழுத்தாள் அக்கா மகள்.

"அப்படியானால் நீ எதிர்காலத்துக்குப் புறப்பட்டு ஓலைச்சுவடிக் காலத்தில் போய் இறங்கியிருக்கிறாய். பாட்டி தப்பாகப் படிக்கவில்லை. நீ எழுதியதை உள்ளது உள்ளபடி படித்தவர் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான். நாமெல்லாம் 'மரச்செக்கு' என்று முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு படித்தோம்."

அவள் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எழுந்து போனாள். சமையலறையிலிருந்து பாட்டியின் குரல் கேட்டது. பகல் முழுவதும் கேட்காத குரல்.

குன்றின் மேல் ஓர் 'ஐ'

மறுநாள் பாட்டியைத் தவிர எல்லோரும் செஞ்சிக்குக் கிளம்பினோம். கோட்டை பார்க்க அல்ல. ஊருக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று என்று ஒன்று இருக்கிறது. பெரிய பாறை ஒன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்கிறது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து.

அந்தச் செய்தியின் முதல் எழுத்து 'ஐ'. தமிழில் 'ஐ' என்ற எழுத்து முதன்முதலாகக் காணப்படுவது இந்தக் கல்லில்தான் என்பார்கள். ஐம்பத்தேழு என்ற எண்ணைப் பொறிக்க வேண்டி வந்ததால் அந்த எழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது!

அக்கா மகள் பாறைக்கு முன் வெகுநேரம் நின்றாள். "அந்தக் காலத்தில் இதுவும் எதிர்கால எழுத்தாகத்தான் இருந்திருக்கும், இல்லையா மாமா?" என்றாள்.

நியாயமான கேள்வி. எழுத்து மாறாமல் இருந்ததில்லை. மாறக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. இலங்கையைப் பாருங்கள். தமிழைவிடச் சுழி மிகுந்தது சிங்கள எழுத்து. அதற்கே ஆங்கிலத்தோடு சேர்த்து 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்ற பெயரில் ஒரு ஸ்டென்சில் எழுத்தைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக விட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் ஒட்டாதே என்று சுவரில் எழுதும் எச்சரிக்கையே அதன் பெயர்! தமிழிலும் புது எழுத்துக்குப் பஞ்சமில்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த 'பவனம்', 'கவிவாணர்', பிரேசில் நாட்டு மார்சலோ மகல்யாயிஸ் செய்த உருண்டை எழுத்தான 'காயினி', 2022-ல் வந்த 'அநேக்' எழுத்துக் குடும்பத்தின் தமிழ் என்று பல உண்டு. தமிழ் பேசாத பிரேசில்காரர் தமிழுக்கு எழுத்து வரைகிறார் என்றால், வல்லத்துப் பெண் வரைவதற்கு என்ன தடை?

கை எடுக்கிற இடம்

பிறகு திண்டிவனத்துக்குப் போய் ஒரு பழைய பெயின்டரைப் பார்த்தோம். பிளெக்ஸ் பானர் வருவதற்கு முன் கடைப் பலகைகளும் லாரி முதுகுகளும் எழுதியவர். அக்கா மகள் நோட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்குதும்மா. ஆனா நீ வெட்டை எழுத்தோட கழுத்துலே வெச்சிருக்கே. கை எங்கே எடுக்குதோ அங்கே வை. பிரஷ் ஒரு இழுப்பு முடிஞ்சு அடுத்த இழுப்பு ஆரம்பிக்கிற இடம் இருக்கு பாரு, அங்கே வெட்டு விழுந்தா கண்ணு அதைக் கேள்வி கேக்காது."

இன்னும் இரண்டு சூட்சுமமும் சொன்னார். எழுத்துக்குள் விடும் இடைவெளி, எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளியைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓர் எழுத்து இரண்டாகப் பிரிந்து தெரியும். சாயத்தை இழுக்கக் கூடாது. பிரஷ்ஷை ஏறக்குறைய உலரத் துடைத்து, நேராகப் பிடித்து ஒற்ற வேண்டும். இழுத்தால் தகட்டுக்கு அடியில் கசியும்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "முடிச்சதும் யார்கிட்டே காட்டுவே?" என்று கேட்டார்.

"எங்கள் பாட்டியிடம்" என்றாள் அவள்.

மூன்று நாள் வெட்டினாள். இந்தத் தடவை 'வ'வின் சுழி, கோடு வந்து சேரும் இடத்தில் திறந்தது. 'ம'வின் பாலம் அடிக்கோட்டில் ஒளிந்துகொண்டது. 'எண்ணெய்' என்ற சொல்லில் 'ண'வின் வளைவுகள் ஒன்றும் குறையாமல் நின்றன. 'ர' தன் காலை முழுசாகத் திரும்பப் பெற்றது. வெட்டு மேலே தோளில் ஏறிற்று. எதிர்காலக் களை கொஞ்சமும் குறையவில்லை. பார்த்தால் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பலாம் போல இருந்தது.

முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாட்டியின் முன்னால் வைத்தாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டி விரலை வைத்தார்.

"வ... ல்... ல... ம். ம... ர... ச்... செ... க்... கு. எ... ண்... ணெ... ய்."

விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "இப்பத்தான் இது நம்ம செக்கு" என்றார்.

பழைய பெட்டிகள் நாற்பதையும் என்ன செய்வது? அட்டையைக் காசு கொடுத்து அல்லவா வாங்கியிருக்கிறது! அக்கா மகள் சாயமும் பிரஷ்ஷும் எடுத்து உட்கார்ந்து, நாற்பது 'ர'வுக்கும் கையாலேயே கால் போட்டாள். ஆனால் அவள் போடுவதற்கு முன்பே நான்கு பெட்டி கடைக்குப் போய்விட்ட விஷயம் பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் அவள் கால் போட்டது முப்பத்தாறுக்குத்தான்.

போன வாரம் அக்கா போனில் பேசினாள். புதுப் பெட்டி நன்றாகப் போகிறதாம். திண்டிவனத்துக் கடை ஒன்றில் மட்டும் வாடிக்கைக்காரர்கள் வந்து, "அந்த மாச்செக்கு எண்ணெய் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்கிறார்களாம்!